குளச்சலில் சொல்லக்கூடிய பதில்

எங்கள் தென்திருவிதாங்கூர்ச் சபைகளில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. ஞாயிறு ஆராதனையின் நடுவிலோ வீட்டு ஜெபக்கூட்டத்தின் முடிவிலோ ஒருவர் எழுந்து நின்று, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்வார். மகளுக்கு வரன் அமைந்தது, மகனுக்கு விசா வந்தது, ஆப்பரேஷன் நல்லபடி முடிந்தது, பல வருடமாக இழுத்த சொத்து வழக்கு தீர்ந்தது. சொல்லி முடித்ததும் சபை முழுவதும் ‘ஸ்தோத்திரம்’ என்னும். நான் இந்த நேரத்தை நேசித்து வளர்ந்தவன். எழுத்தறியாத பாட்டிமார் மைக் முன்னால் நின்று தங்கள் வாழ்க்கையைக் கோவையாகச் சொல்லப் பழகிய இடம் அது. கடவுள் என்பவர் எங்கோ இருக்கும் தத்துவமாக இல்லாமல், எங்கள் வீட்டு அடுப்புவரை விவரம் தெரிந்த ஒருவராக எனக்கு அறிமுகமானதும் அங்கேதான்.

2005 ஜனவரி 2ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. சாட்சி நேரத்தில் ஒருவர் எழுந்தார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் குடும்பத்தோடு கன்னியாகுமரிக் கடற்கரைக்குப் போகப் புறப்பட்டிருந்தார்களாம். கிளம்பும் நேரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல். பயணத்தை நிறுத்திவிட்டார்கள். அந்தக் காய்ச்சலை அனுப்பித் தங்களைக் காத்தவர் கர்த்தரே என்று அவர் அழுதுகொண்டே சொன்னார். அவர் சொன்னதில் பொய் துளியும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் முழங்காலில் விழுந்திருப்பேன். ஆனால் சபையின் ‘ஸ்தோத்திரம்’ அன்று சேர்ந்து வரவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. பின் வரிசையில், தங்கையைக் குளச்சலில் கட்டிக் கொடுத்திருந்த ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். தங்கையின் பிள்ளைகள் இருவரையும் அலை கொண்டுபோயிருந்தது. அந்தப் பிள்ளைகள் அன்று காய்ச்சல் எதுவும் இல்லாமல் நல்ல சுகத்தோடு இருந்தார்கள்.

அன்றிலிருந்து, கடவுளைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அந்தப் பின் வரிசை என் நினைவுக்கு வந்துவிடும்.

கடலோரத்தில் நடந்தது என்ன என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, அதுவும் ஞாயிறுதான். சுமத்ராவுக்கு அருகே கடலடியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் சறுக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த யாத்ரீகர்கள் கடற்கரையில் நின்றபடியே போனார்கள். இங்கே குமரியில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி. மணக்குடியில் பாலத்தையே அலை பெயர்த்து எறிந்தது. குளச்சல் பக்கம் தப்பி ஓடியவர்களில் பலர் ஏ.வி.எம். கால்வாயில் மாட்டிக்கொண்டார்கள். சவப்பெட்டி செய்ய அவகாசம் இல்லை. கோயில் வளாகத்தில் குழி வெட்டி ஒன்றாகவே அடக்கினார்கள்.

வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை என்ற செய்தி அன்றே எங்கும் பரவியது. பலருக்கு அது ஆறுதல், நான் அதைக் குறை சொல்லமாட்டேன். எனக்கு மட்டும் அது ஆறுதலாக இல்லை. கல்லும் சுண்ணாம்பும் காப்பாற்றப்பட்டு, அந்தக் கோயிலைத் தேடி வந்த பிள்ளை காப்பாற்றப்படவில்லை என்றால், அதைக் கடவுளின் செயல் என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

இந்தக் கேள்வி நம் கரையில் முளைத்ததல்ல. 1755 நவம்பர் 1ஆம் தேதி, சகல புனிதர்களின் திருநாள் காலையில், லிஸ்பன் நகரத்துக் கோயில்கள் நிரம்பியிருந்த நேரத்தில் பூமி அதிர்ந்தது. கூரைகள் பூசைக்கு வந்தவர்கள் மேல் இறங்கின. பீடத்து மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் சரிந்து தீப்பிடித்தன. தீயிலிருந்து தப்ப ஆற்றங்கரைக்கு ஓடியவர்கள்மேல் அலை வந்தது. வோல்தேர் இதை மனதில் வைத்துத்தான், எல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தைக் கிழித்துப் போட்டு 1759இல் ‘காந்தீத்’ நாவலை எழுதினார். அந்த லிஸ்பன் துறைமுகத்திலிருந்துதான் 1541இல் சவேரியார் கப்பலேறினார். 1544இல் இந்தக் கடற்கரை ஊர்களில் நடந்து, ஆயிரக்கணக்கான முக்குவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். விசுவாசத்தை நமக்கு அனுப்பிய துறைமுகம் 1755இல் கேட்ட கேள்வியையே, அதைப் பெற்றுக்கொண்ட கரை 2004இல் கேட்க நேர்ந்தது.

என் அக்கா மகன் பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிறான். ஞாயிறு ஆராதனைக்குப் போவதை எப்போதோ நிறுத்திவிட்டான். அக்காவுக்கு அது தீராத கவலை. “நீ சொன்னா கேப்பான்” என்று என்னிடம் அனுப்பிவைத்தாள். அவன் சண்டைக்கு வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து நேராகக் கேட்டான்: “மாமா, பழக்கம், பயம், பாட்டி சொன்னது, இந்த மூணையும் தள்ளி வச்சிட்டு ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. நீங்க ஏன் இன்னும் நம்புறீங்க?”

நியாயமான கேள்வி. இன்று நம் பிள்ளைகளில் பாதிப்பேர் மனதுக்குள் வைத்திருக்கும் கேள்வி. கேட்டால் வீட்டில் அழுகை வரும், சபையில் பெயர் கெடும் என்று வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். பதில் சொல்லுமுன் நான் எனக்கே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டேன். அது எனக்குச் சொந்தமானதல்ல. இர்விங் கிரீன்பெர்க் என்ற யூத ரபி, 1974இல் நியூயார்க்கில் நாஜி வதைமுகாம்களைப் பற்றி நடந்த ஒரு கருத்தரங்கில் வைத்தது. எரிக்கப்பட்ட குழந்தைகளின் முன்னிலையில் சொல்லத் துணியாத எதையும் கடவுளைப் பற்றிச் சொல்லாதே என்பது அதன் சாரம். என் அளவில் அதை இப்படி வைத்துக்கொண்டேன்: குளச்சல்காரத் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லக் கூசுகிற காரணத்தை இவனிடமும் சொல்லக்கூடாது.

இந்த நிபந்தனையில் பல பதில்கள் உடனே விழுந்துவிடும். பாவத்துக்குத் தண்டனை என்பது முதலில் விழும். சுனாமிக்குப் பிறகு சில மேடைகளில் அதைத் துணிந்து பேசினார்கள். கேட்டு என் வயிறு எரிந்தது. யோபுவின் நண்பர்கள் செய்ததும் இதுதான். குவியலாய்ப் பத்துப் பிள்ளைகளைப் புதைத்த தகப்பன் முன்னால் உட்கார்ந்து, நீ ஏதோ தப்புச் செய்திருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகத் தர்க்கம் பண்ணினார்கள். நூலின் கடைசியில் கடவுள் கோபப்படுவது அவரைக் கேள்வி கேட்ட யோபுவிடம் அல்ல. அவருக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்களிடம். வேதத்தைத் தூக்கிக்கொண்டு இழவு வீட்டுக்குள் நுழைகிற எவரும் அந்த அதிகாரத்தை முதலில் படித்துவிட்டு நுழைய வேண்டும்.

நிலத்தட்டுகள் நகர்வதால்தான் மலைகள் எழுகின்றன, பூமி உயிர்கள் வாழத் தக்கதாக இருக்கிறது, ஆகவே நிலநடுக்கம் அதற்குக் கொடுக்கும் விலை என்று ஒரு விளக்கம் உண்டு. அறிவியலாக அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதை அந்தத் தங்கச்சியிடம் சொல்லிப் பார்க்க என்னால் முடியாது.

பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் இருப்பதைக் கொண்டு கடவுளை நிரூபிப்பவர்களும் இருக்கிறார்கள். என் மருமகன் இதைப் பற்றி நிறையவே படித்திருந்தான். பெருவெடிப்புக் கொள்கைக்கு விதை போட்ட ஜார்ஜ் லெமேத்தர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதினார். எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து புறப்பட்டிருக்கலாம் என்று 1931இல் சொன்னார். 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இந்த அறிவியலை வேதத்தின் சிருஷ்டிப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது, மகிழ்ந்திருக்க வேண்டிய லெமேத்தர் மகிழவில்லை. தன் கொள்கை அறிவியலோடு நிற்கட்டும், அதைக் கொண்டு கடவுளை நிரூபிக்கவும் வேண்டாம் மறுக்கவும் வேண்டாம் என்பது அவர் நிலை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த உலகம் மனித அறிவுக்குப் பிடிபடுகிற ஒழுங்கோடு இருப்பது எனக்கும் அதிசயம்தான். ஆனால் அந்த அதிசயத்தை மட்டும் வைத்துக்கொண்டு குளச்சல் கோயில் வளாகத்தில் நிற்க முடியாது. பிரபஞ்சத்தைத் தொடங்கியவர் அந்தக் காலையில் எங்கே இருந்தார் என்பதல்லவா அங்கே கேள்வி?

இவ்வளவும் கேட்டபிறகு அவன், “அப்ப காரணமே இல்லண்ணு சொல்லுங்க” என்றான்.

“இருக்கு மக்ளே. ஆனா அது நான் கண்டுபிடிச்சதில்ல” என்று அந்தத் தங்கச்சியைப் பற்றிச் சொன்னேன்.

அவரை நான் பின்னாளில் நேரில் பார்த்துப் பேசியிருக்கிறேன். முதல் சில மாதங்கள் கோயில் வாசலையே மிதிக்கவில்லை. பிறகு போகத் தொடங்கினார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை, அவராகவே சொன்னார்: “கடவுள் இல்லண்ணு வச்சா, நான் யாருகிட்ட போய்ச் சண்ட பிடிக்க?” தினமும் பூசை முடிந்து எல்லாரும் போனபின் பாடுபட்ட சுரூபத்தின் முன்னால் உட்கார்ந்து திட்டித் தீர்ப்பாராம். பங்குச் சாமியார் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்தாமல் போய்விடுவாராம். அந்தச் சாமியாரை எனக்குத் தெரியாது. ஆனால் இறையியல் கல்லூரிகளில் கற்றுத்தர முடியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மருமகன் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “சண்ட போட ஆள் வேணும்கிறதுக்காக ஆள் இருக்கணும்னு இல்லயே மாமா.” சரிதான். அவர் வார்த்தையை நான் நிரூபணமாக எடுக்கவில்லை. ஆனால் அந்தச் சண்டைக்குள் ஓர் அறிவு இருக்கிறது. பிள்ளைகள் செத்தது தவறு, நடந்திருக்கக் கூடாதது என்று அவருக்குச் சந்தேகமின்றித் தெரியும். எனக்கும் தெரியும். என் மருமகனுக்கும் தெரியும். அதனால்தான் அவன் கடவுள்மேல் கோபப்படுகிறான். நிலத்தட்டும் நீரும் மட்டுமே இருக்கிற உலகத்தில் எது நடந்தாலும் அது வெறும் நிகழ்ச்சி, அதில் தவறு என்பதற்கு இடமில்லை. நம் பிள்ளைமேல் நமக்குள்ள பாசத்தைப் பரிணாமம் விளக்கிவிடலாம். முன்பின் தெரியாத மீனவக் குடும்பத்தின் பிள்ளைக்காக, உலகத்தின் அஸ்திவாரத்திலேயே ஏதோ கோணலாகிவிட்டது என்று நாம் கொதிக்கிறோமே, அதை அவ்வளவு எளிதில் விளக்கிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கொதிப்பு பொய்யில்லை என்றால், உலகம் இப்படி இருக்கக்கூடாது என்று நம்மோடு சேர்ந்து சொல்பவர் ஒருவர் இருக்க வேண்டும்.

கிறிஸ்தவம் அந்த ஒருவரைச் சிலுவையில் காட்டுகிறது. நான் வேறெங்கும் போகாமல் இங்கே நிற்பதற்கு இதுதான் பெரிய காரணம். மாற்கும் மத்தேயுவும் எழுதிய பாடுகளின் வரலாற்றில், இயேசு சாகும்போது கடவுளைப் பார்த்து ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கதறுகிறார். தங்கள் ஆண்டவரைப் புகழ எழுதப்பட்ட நூலில் இதை எழுதாமல் விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் அவர் பேசிய அரமேயச் சொற்களோடு அப்படியே காப்பாற்றி வைத்தார்கள். ஆக, குளச்சல் கோயிலில் அந்தத் தாய் கேட்ட கேள்வியை, அவர் எதிரில் தொங்கிய அந்த உருவம் அவருக்கு முன்பே கேட்டிருக்கிறது. கடவுளிடம் ஏன் என்று கேட்கிற கடவுளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இதைத் தங்கச்சி முன்னால் சொல்லலாம். சொல்லவேண்டியதுகூட இல்லை, அவர் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்.

சந்தேகத்தைப் பாவமாகப் பார்க்கிற பழக்கம் நம் சபைகளில் எப்படிப் புகுந்தது என்று எனக்குப் புரிவதில்லை. எங்கள் மாவட்டத்துத் திருவிதாங்கோட்டில் அரப்பள்ளி என்ற பழைய தேவாலயம் இருக்கிறது, கி.பி. 63இல் அப்போஸ்தலன் தோமா எழுப்பியது என்பது மரபு. காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர்தான் நமக்குச் சுவிசேஷம் கொண்டுவந்தவராக நாம் கொண்டாடுகிற ஆள். அவர் அப்படிச் சொன்ன பிறகும் மற்றச் சீஷர்கள் அவரை வெளியே தள்ளவில்லை. அடுத்த வாரம் அதே அறையில் அவரும் இருந்தார். இருந்ததால்தான் பார்த்தார். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோது உலகம் திகைத்தது. கல்கத்தாவின் தெருக்களில் செத்துக்கொண்டிருந்தவர்களை அள்ளியெடுத்த அந்த அம்மையார், ஏறக்குறைய ஐம்பது வருடம் கடவுள் இருப்பதையே உணர முடியாத இருட்டில் இருந்திருக்கிறார். அந்தக் கடிதங்களை வெளியிட்டவர், அவருக்குப் புனிதர் பட்டம் வேண்டி வழக்கை நடத்திய குருவானவரே. திருச்சபை எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் 2016இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தது. அப்படியிருக்க, கேள்வி கேட்கிற கல்லூரிப் பிள்ளையை ஜெபித்துத் திருத்த வேண்டிய நோயாளியாக நடத்துவது என்ன நியாயம்?

இழந்தவர்கள் முன்னால் நாம் என்ன சொல்லலாம் என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். இழந்தவர்களே என்ன சொன்னார்கள் என்றும் பார்க்க வேண்டும். 1999 ஜனவரி 22ஆம் தேதி இரவு, ஒரிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய மகன்கள் பத்து வயது பிலிப், ஆறு வயது திமோத்தி ஆகியோரையும் ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னிப்பதாகச் சொன்னார். சொல்லிவிட்டு ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறிவிடவில்லை. பாரிபதாவில் கணவர் பார்த்துக்கொண்டிருந்த தொழுநோயாளர் இல்லத்தில் மகளோடு இன்னும் சில வருடங்கள் தங்கி, அந்த மக்களுக்குப் புண் கட்டினார். 2005இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. இதைக் கொண்டு கடவுளை நிரூபிக்க முடியாதுதான். ஆனால் இரண்டு பிள்ளைகளைத் தீயில் கொடுத்த ஒரு தாயை எது நிற்க வைத்ததோ, அதை வெறும் மயக்கம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

மறுபடி குளச்சல் தங்கச்சிக்கு வருகிறேன். இரண்டாவது பிள்ளையோடு அவர் குடும்பக்கட்டுப்பாடு செய்திருந்தார். சுனாமிக்குப் பின், பிள்ளைகளை இழந்த தாய்மாருக்கு அதை மாற்றிச் சரிசெய்யும் அறுவைச் சிகிச்சையை இலவசமாகச் செய்வதாகத் தமிழக அரசு அறிவித்தது. எத்தனையோ பேர் செய்துகொண்டார்கள், இவரும் செய்துகொண்டார். ஓர் ஆண் பிள்ளை பிறந்தான். ஊரே மகிழ்ந்தது. போனவை திரும்ப வந்துவிட்டன என்று சிலர் நல்ல மனதோடு சொன்னார்கள். அவர் யாரிடமும் வாதாடவில்லை. ஆனால் எத்தனை பிள்ளைகள் என்று எவர் கேட்டாலும் “மூணு” என்றே சொல்வார்.

யோபு நூலின் முடிவு எனக்கு நெடுநாள் உறுத்தலாக இருந்தது. இழந்ததெல்லாம் அவருக்கு இரட்டிப்பாகக் கிடைக்கிறது. ஏழாயிரம் ஆடுகளுக்குப் பதில் பதினாலாயிரம், மூவாயிரம் ஒட்டகங்களுக்குப் பதில் ஆறாயிரம். பிள்ளைகள் மட்டும் முன்போலவே ஏழு மகன், மூன்று மகள். ஆட்டுக்கு ஆடு ஈடாகும். பிள்ளைக்குப் பிள்ளை எப்படி ஈடாகும் என்று நான் கோபப்பட்டிருக்கிறேன். பழைய உரைகாரர்கள் இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள்: ஆடுகளைப்போலப் பிள்ளைகள் தொலைந்துபோகவில்லை, முதல் பத்தும் கடவுளிடம் இருக்கிறார்கள், அதனால்தான் இன்னும் பத்துக் கொடுத்தாலே இரட்டிப்பாகிவிடுகிறது. பிரசங்கத்தில் இதைக் கேட்டபோது சாமர்த்தியமான சமாளிப்பு என்று நினைத்தேன். தங்கச்சி ‘மூணு’ என்றபோது அது சமாளிப்பாகத் தெரியவில்லை. அவருக்கு வேண்டியது மாற்றுப் பிள்ளை அல்ல, அலை கொண்டுபோன அதே இருவர். உயிர்த்தெழுதல் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதும் இதைத்தான்: ஆத்துமா எங்கோ ஒளியில் கலப்பதை அல்ல, கையிலும் விலாவிலும் காயத் தழும்போடு அதே ஆள் வந்து நிற்பதை.

“அது ஆசைதானே மாமா?” என்று மருமகன் கேட்டான். குரலில் கேலி இல்லை.

ஆசைதான். ஆசைப்படுகிறோம் என்பதால் ஒன்று உண்மையாகாது. அதனாலேயே பொய்யாகவும் ஆகாது. ஆகவே அங்கே சாட்சிகளைத்தான் பார்க்க வேண்டும். நான்கு சுவிசேஷங்களிலும் காலியான கல்லறையை முதலில் கண்டவர்கள் பெண்கள். பெண்களின் சாட்சியத்துக்கு மதிப்புக் குறைவாக இருந்த காலம் அது. கதை கட்டுகிறவன் பேதுருவையோ யோவானையோ அல்லவா முதலில் அனுப்பியிருப்பான்? மாற்கு நூலின் மிகப் பழைய முழுப்பிரதிகள் இரண்டும், அந்தப் பெண்கள் பயத்தில் ஓடிப்போய் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இருந்தார்கள் என்ற இடத்தோடு நின்றுவிடுகின்றன. பின்னால் வந்த எழுத்தர்கள் அதைத் தாங்க முடியாமல் வேறு முடிவு சேர்த்தார்கள். எனக்கு அந்தப் பழைய முடிவில்தான் நம்பிக்கை அதிகம். நடுங்கிப்போனவர்கள் சொன்னது மாதிரி இருக்கிறது.

இதற்கு அவனிடம் மறுப்புகள் இருந்தன. சிலவற்றுக்குப் பதில் சொன்னேன், சிலவற்றுக்கு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவன் ஒத்துக்கொண்டான் என்று சொல்லமாட்டேன். பெங்களூருக்குத் திரும்பும்போது, கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தைப் படித்துவிட்டு வா என்று சொல்லியனுப்பினேன். கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் நம் விசுவாசம் வீண் என்று பவுல் அதில் வெளிப்படையாக ஒத்துக்கொள்கிறார். உயிர்த்தவரைக் கண்ட ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருப்பதாகவும் எழுதுகிறார். ஈஸ்டருக்கு லீவு போட்டு வருவதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறானாம். கோயிலுக்கு வருவானா தெரியாது. வந்தால் அவனைக் குளச்சலுக்குக் கூட்டிப்போய் அந்தத் தங்கச்சி வீட்டில் உட்கார வைக்கலாம் என்றிருக்கிறேன். அவர் சம்மதித்துவிட்டார்.